சிட்டுவிடம் மட்டும்

பதினெட்டு வருடமாக நான் பிறர் வாயில் தமிழை நுழைத்துக்கொண்டிருக்கிறேன். டப்பிங் வசனகர்த்தா, பெயர் தணிகைவேல். வெளிநாட்டுப் படங்களில் உதடு அசையும் நேரத்துக்குத் தகுந்தபடி தமிழை வெட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. சாலிகிராமத்தில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படத்தில் யாராவது திரும்பி நின்றால் அந்த முதுகுக்கும் வசனம் எழுதிவிடுவோம். யாருமே பேசாத இடத்தில் ஓர் இருமல், ஒரு ‘அடடா’, பின்னணியில் இரண்டு பேர் முணுமுணுப்பு. சத்தம் நின்றால் பார்க்கிறவன் எழுந்து போய்விடுவான் என்று எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். மௌனத்தைக் கண்டால் எங்களுக்குக் கை அரிக்கும்.

அந்த அரிப்பில் நான் செய்த ஒரு காரியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

‘சிட்டுவும் ஏழு தீவும்’ என்ற குழந்தைகள் தொடர் மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் வந்தது. பத்து வயதுச் சிட்டு, ஓர் ஓட்டைப் படகு, துணைக்கு வாயாடி நண்டு. தீவுக்குத் தீவு ஓர் அநியாயம். ஓரிடத்தில் ராஜா கிணறுகளையெல்லாம் பூட்டி வைத்திருப்பான். இன்னோரிடத்தில் குள்ளமாகப் பிறந்தவர்கள் பாலத்தில் நடக்கக் கூடாது. சிட்டு போய் மக்களைத் திரட்டிப் பூட்டை உடைப்பாள். நானும் கல்லூரி நாட்களில் கொடி பிடித்தவன்தான். விட்ட குறையையெல்லாம் அந்தப் பெண்ணின் வாயில் தீர்த்துக்கொண்டேன். ‘அவர் ராஜான்னா நாம யாரு?’ என்று அவள் கேட்கும் வசனத்தைக் குழந்தைகள் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தன. பள்ளிகள் அதைக் குடிமையியல் வீட்டுப்பாடமாகவே கொடுக்க ஆரம்பித்தன. ஒரு வார இதழ் என்னைப் பேட்டி எடுத்தது. தலைகால் புரியவில்லை எனக்கு.

இந்தத் தொடரை யாரும் முன்கூட்டியே வரைந்து வைப்பதில்லை. ஒவ்வொரு குழந்தையின் டேப்லெட்டும் அந்தக் குழந்தைக்கென்றே கதையை உருவாக்கிக்கொள்ளும். எங்கே சிரித்தது, எங்கே பயந்தது என்று கவனித்து அடுத்த தீவை மாற்றும். என் வசனங்களும் ரெபேக்காவின் குரலும் அதற்கு மூலச் சரக்கு. ரெபேக்கா தூத்துக்குடிக்காரி, முப்பத்தெட்டு வயது, ஆனால் பத்து வயதுக் குரல். எட்டு நாள் மைக் முன்னால் உட்கார்ந்து அவள் கொடுத்த குரலை வைத்துக்கொண்டு இயந்திரம் எதை வேண்டுமானாலும் பேசும்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சிட்டு படகின் விளிம்பில் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பாள். நான்கு விநாடி. ஒன்றும் பேச மாட்டாள். மூலத்தில் அவ்வளவுதான் இருந்தது. நான் சும்மா விடுவேனா? காற்றில் முடி பறந்து அவள் வாயை மறைத்தது, வசதியாகப் போயிற்று. எழுதினேன்: ‘உங்க வீட்ல இப்படி எதிர்த்து நிக்கிறது யாரு? எங்கிட்ட மட்டும் சொல்லு.’ நான்கு விநாடிக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் ரெபேக்கா ஸ்டூடியோவுக்கு வந்து என்னை மாடிப்படிக்கு அழைத்தாள். அவள் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள். அன்று குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

“அண்ணே, நேத்து பல் டாக்டர்ட்ட போயிருந்தேன். எவ்வளவு நேரமாகும்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். பக்கத்துல ஒரு பொம்பளப் புள்ள, ஆறு வயசு இருக்கும், என் சேலையைப் புடிச்சிக்கிட்டு ‘சிட்டு அக்கா’ன்னா. எனக்குப் பெருமை தாங்கல. குனிஞ்சேன். என் காதுக்குள்ள கேக்கா, ‘அப்பா பத்தி நான் சொன்னதை நீ யார்ட்ட சொன்ன?’”

“என்ன சொன்னாளாம்?”

“அவ அப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவராம். கூலி ஆட்களெல்லாம் சேர்ந்து ஒருநாள் வேலையை நிறுத்தப் போறோம்னு வீட்ல பேசியிருக்காரு. இந்தப் புள்ள அதைச் சிட்டுகிட்ட சொல்லியிருக்கா. அப்பா ஹீரோன்னு பெருமையாத்தான் சொல்லியிருக்கா. ரெண்டாம் நாள் போலீஸ் வந்து அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாவ. எங்க வச்சிருக்காவன்னு இன்னும் தெரியலையாம், பக்கத்துல உக்காந்து அவ அம்மா அழுறா.” ரெபேக்கா கழுத்தைத் தடவிக்கொண்டாள். “நான் கேக்கலண்ணே. ஆனா கேட்டது என் குரல்.”

அதன் பிறகு அவள் வெளியிடங்களில் பேசுவதில்லை. கடையிலும் ஆட்டோவிலும் சீட்டில் எழுதிக் காட்டுகிறாள்.

 நான் பயந்ததற்கு ரெபேக்கா சொன்னது மட்டும் காரணம் இல்லை. என் மனைவி வல்லி ஒப்பந்த நர்ஸ். அறுபது படுக்கைக்கு இரண்டு பேர், பதினாறு மணி நேர ஷிப்ட். நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்து உடன் வேலை செய்த ஒரு பெண் இறந்தபின், வல்லியையும் சேர்த்துப் பதினோரு பேர் ரகசியமாக ஒரு வேலைநிறுத்தத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். புதிய சட்டத்தில் மருத்துவப் பணியாளர் வேலையை நிறுத்தக் கூடாது. தூண்டியவர்களுக்கு மூன்று வருடம். எங்கள் மகள் நறுமுகைக்கு ஏழு வயது. தினமும் மாலை ஐந்து மணிக்குச் சிட்டு பார்க்கிறாள்.

மறுநாளே கிண்டியில் இருக்கும் மின்மினி ஸ்டோரீஸ் அலுவலகத்துக்குப் போனேன். தொடரைத் தமிழுக்குக் கொண்டுவந்த கம்பெனி. அங்கே தமிழ்ப் பிரிவைப் பார்க்கிற கீர்த்திவாசனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காபி வரவழைத்தான்.

“அந்த நாலு விநாடி மூலத்துல எதுக்கு இருந்துச்சு?” என்று நேராகக் கேட்டேன்.

“குழந்தையோட மூச்சைக் கேட்க சார். பயந்திருக்கா, போரடிக்குதான்னு மெஷினுக்குத் தெரியணும்ல. மத்த பதினெட்டு மொழியிலயும் அமைதியாத்தான் விட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேள்வி கேட்டீங்க.”

“அது சும்மா ரொப்புறதுக்கு எழுதினதுப்பா.”

“தெரியும் சார். ஆனா பதில் வந்துச்சே! நூத்துக்குத் தொண்ணூறு குழந்தைங்க வாயைத் திறந்து பதில் சொன்னாங்க. கேள்வி கேட்டா குழந்தை இன்னும் கொஞ்ச நேரம் உக்காருதுன்னு மெஷின் புரிஞ்சுக்கிச்சு. அடுத்த கேள்வியை அதுவே கேட்க ஆரம்பிச்சிடுச்சு. இப்ப எல்லா மொழியிலயும் உங்க கேள்விதான் ஓடுது. நாங்களே உங்களைக் கூப்பிட்டுப் பாராட்டணும்னு இருந்தோம்.”

“பதிலையெல்லாம் யாருக்குக் குடுக்குறீங்க?”

“சட்டப்படி கேக்குறவங்களுக்கு.”

“பூட்டை உடை, கூட்டம் சேருன்னு நாம அதுங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறோம். அதைக் கேட்டு வாயைத் திறந்தா வீட்டுக்கு ஜீப் அனுப்புறீங்களா?”

அவன் கோபப்படவில்லை. “நான் அனுப்பலையே சார். ஆனா ஒண்ணு யோசிங்க, சாதுவான கதைக்கு யார் இப்படி மனசைத் திறந்து பேசுவாங்க? நீங்க காரமா எழுத எழுத அதுங்க நிறைய சொல்லுதுங்க. நல்லா எழுதுங்க. ஒரு வரியைக்கூட நாங்க வெட்டச் சொன்னதில்லையே.”

உண்மைதான். ஒரு வரியைக்கூட வெட்டியதில்லை. அதை நான் என் துணிச்சலுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“என் பொண்ணு இனிமே அதைப் பார்க்க மாட்டா” என்று எழுந்தேன்.

“பார்க்கட்டும் சார்” என்றான் அவனும் எழுந்து. “திடீர்னு நிறுத்துற வீட்டைத்தான் முதல்ல கவனிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். உங்க நல்லதுக்குச் சொல்றேன்.” லிப்ட் வரைக்கும் கூடவே வந்தான். கதவு மூடும் சமயத்தில், “அக்காவைப் பார்த்துக்குங்க சார். பதினாறு மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கறது லேசு இல்ல” என்றான்.

வல்லி என்ன வேலை பார்க்கிறாள் என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முகையை மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். சிட்டுவிடம் அம்மாவைப் பற்றி என்ன சொன்னாய் என்று எவ்வளவு இயல்பாகக் கேட்க முடியுமோ அவ்வளவு இயல்பாகக் கேட்டேன்.

“அது சீக்ரெட்பா.”

“அப்பாகிட்ட என்னடா சீக்ரெட்?”

“அவகிட்ட மட்டும்தான் சொல்லணும்னு அவ சொன்னா. நானும் சரின்னேன். உங்ககிட்ட சொன்னா அது பொய் ஆயிடும்ல?” என்றாள், எனக்கு நியாயம் சொல்லிக்கொடுக்கிற பாவனையில்.

அன்று ஐந்து மணிக்கு அவள் பின்னால் நின்று பார்த்தேன். சிட்டு இறங்கிய தீவில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. வெள்ளைக் கொக்குகள் நோயாளிகளுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தன. ஒரு கொக்கு களைத்து விழுந்தது. மற்றவை ரகசியமாகக் கூடிப் பேசின. சிட்டு திரும்பி, ரெபேக்காவின் குரலில், ‘கொக்குங்க எங்க கூடுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?’ என்று கேட்டாள். முகை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெரியாது என்று தலையாட்டினாள். 

வல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “முகைக்கு இடமும் தெரியாது, நாளும் தெரியாது. தெரியாம பார்த்துக்குவோம்” என்றாள்.

“பேசாம விட்டுடேன் வல்லி.”

“விட்டுட்டா? அடுத்தது எந்தப் பொண்ணு விழுவான்னு பார்த்துக்கிட்டு இருக்கவா? வியாழக்கிழமை வரைக்கும்தாங்க. அதுக்கப்புறம் எல்லாருக்கும் தெரியப்போற விஷயம்தான்.”

அப்படித்தான் எங்கள் வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாடு, பள்ளிக்கூடம், மழை, இவை தவிர எதையும் முகையின் முன் பேசுவதில்லை. பேச வேண்டியதை இருவரும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பேசினோம். நாங்கள் உள்ளே போவதையும் வருவதையும் முகை கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், “உங்களுக்குள்ள சண்டையாப்பா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப ஏன் யாருமே பேச மாட்டேங்கறீங்க?” என்றாள். மௌனத்தைக் கண்டால் அரிக்கிற நான், ‘மழை வரும்போல இருக்கு’ என்றேன்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. மூன்று மணிக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில் பதினோரு பேரும் கடைசியாகக் கூடுவதாக இருந்தது. காலையில்தான் குளியலறையில் வைத்து வல்லி அதை என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் புறப்படத் தயாராகிக்கொண்டிருக்க, நான் துணி ஊறப்போடலாம் என்று குளியலறையில் இருந்த அழுக்குக் கூடையைக் கவிழ்த்தேன். அடியில் முகையின் பள்ளிச் சீருடைக்குள் சுற்றி வைத்திருந்த டேப்லெட் தரையில் சரிந்தது.

திரை எரிந்துகொண்டிருந்தது. சிட்டு படகின் விளிம்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நான்கு விநாடி ஆயிற்று, பத்து விநாடி ஆயிற்று. கேள்வி எதுவும் கேட்கவில்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். 

முகையைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“நான் எதுவும் சொல்லலப்பா! நீங்க சொல்லக் கூடாதுன்னு நெனக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும், அதான் சொல்லவே இல்ல. நீங்க யாரும் பேச மாட்டேங்கறீங்க, பாத்ரூமுக்குள்ள போயிடுறீங்கன்னு மட்டும்தான் சொன்னேன். அவளுக்கு வெளிய தனியா இருக்க பயமா இருக்காம். ‘உங்க அம்மா கட்சியில நானும் சேர்ந்துக்கறேன், என்னையும் உள்ள கொண்டுபோய் வை’ன்னா.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அம்மாவுக்கு ஆள் பத்தலன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?”

வல்லி திட்டவில்லை. குழந்தை முன்னால் மண்டியிட்டு அவள் கண்ணைத் துடைத்தாள். “நீ நல்லதுதான்டா நெனச்சிருக்க. அம்மாவுக்குக் கோபமே இல்ல” என்றாள். அவள் நிஜமாகவே கோபப்படவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு எழுந்து என்னிடம், “நாங்க யாரும் போன்ல பேசுறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். நேர்லதான் போய்ச் சொல்லணும். மூணு மணிக்குள்ள பத்து வீடு” என்றாள்.

“நான் போறேன்.”

“எங்கள்ல ஒருத்தர் நேர்ல வந்து சொன்னாத்தான் நம்பணும்னு பேச்சு. இவகூட இருங்க.” செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு ஸ்டெல்லா என்ற நர்ஸ் முக்காடு போட்டுக்கொண்டு வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள். வல்லி ஏழு பேரிடம் சொல்லி முடித்துவிட்டாளாம். எட்டாவது வீட்டுக்குப் போகிற வழியில், பேருந்து நிறுத்தத்தில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சேதி எட்டாத மூன்று பேர் மண்டபத்துக்குப் போய் மாட்டிக்கொண்டார்கள். “நாங்க ஏழு பேர் வெளிய இருக்கோம் சார். வியாழக்கிழமை வரைக்கும் மாட்டாம இருந்தா கண்டிப்பா நடத்திடுவோம். மாட்டினா அக்கா உள்ள போனது வீண்” என்றாள். அவள் முகையின் பக்கம் திரும்பியதைக் கவனித்தேன். அந்த ஏழு பேரும் முகையின் பிறந்தநாளுக்கு வந்து கேக் தின்றவர்கள். யார் வீடு எங்கே, யாருடைய தங்கை எந்தக் கடையில் வேலை செய்கிறாள், எல்லாம் முகைக்கு அத்துப்படி.

அடுத்து யார் வருவார்கள், யாரிடம் கேட்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் என் மகளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். “யார் கேட்டாலும், எவ்வளவு அன்பா கேட்டாலும், சிரிச்சுக்கிட்டே ‘எனக்கு ஒண்ணும் தெரியாதே’ன்னு சொல்லணும். எங்க, சொல்லு.” சொன்னாள், குரல் உடைந்தது. “அழக் கூடாது. இன்னொரு தடவை.” சொன்னாள். “கண்ணு கீழ போகுது. அவங்களையே பார்க்கணும். இன்னொரு டேக்.” புதுக் கலைஞர்களிடம் எப்படிக் கறாராக இருப்பேனோ அப்படியே இருந்தேன். ஒன்பதாவது தடவை எச்சில் விழுங்கினாள், அதைத் திருத்தினேன். பதினான்காவதில் சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது, அதையும் திருத்தினேன். இருபதாவது தடவையில் எல்லாம் சரியாக அமைந்தது. அவ்வளவு இயல்பான ஒரு பொய்யை நான் எந்த ஸ்டூடியோவிலும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். மஃப்டியில் ஒரு போலீஸ்கார அம்மாள், நாற்பத்தைந்து வயது, சாந்தமான முகம். கூட இருவர். நான் பேச வாயெடுத்ததும், “நீங்க வசனம் எழுதுறவர் சார். பாப்பா பேசட்டும்” என்றாள்.

முகையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைக் கோதினாள். “அம்மா நாளைக்கே வீட்டுக்கு வந்துடுவாங்க கண்ணு. அம்மாவோட ஃபிரெண்ட்ஸ் எங்க இருக்காங்கன்னு மட்டும் ஆன்ட்டிக்குச் சொல்லு. அம்மாவைத் திரும்பக் கூட்டிட்டு வரணும்ல?”

 அம்மாவைத் தருகிறேன் என்று சொன்னால் எந்தக் குழந்தைதான் தாங்கும்? அதற்கு நான் பயிற்சி கொடுக்கவில்லை.

முகை அந்த அம்மாளின் கண்ணை நேராகப் பார்த்தாள். சிரித்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதே ஆன்ட்டி. அம்மா வீட்ல எதுவுமே பேச மாட்டாங்க.”

மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே பதில், அதே சிரிப்பு. அரை மணியில் கிளம்பிப் போனார்கள். ஜீப் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஏழு பேர் தப்பித்தார்கள். என் மகள் எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

அவள் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போனேன். அவள் தோள் விறைத்துப் போயிருந்தது.

“பயந்துட்டியாடா?”

“இல்லப்பா.”

“அம்மா ஞாபகமா இருக்கா? என்ன நெனக்கிற, சொல்லு. அப்பாதானே. அழணும்னா அழு.”

முகை திரும்பி என் கண்ணை நேராகப் பார்த்தாள். உதடு நடுங்கவில்லை, எச்சில் விழுங்கவில்லை. சிரித்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லையேப்பா” என்றாள்.

திருத்துவதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை.